கொடைக்கானல் உறைபனியில் நீர்விலக்கிப் பூச்சு கைகொடுக்குமா, காலை வாருமா?

பள்ளத்தூர் பயணி | டிசம்பர் 18, இரவு 9:40

காரின் முகப்புக் கண்ணாடியில் பூசும் நீர்விலக்கிப் பூச்சு ஒரு பாட்டில் வாங்கினேன். ஐப்பசி மழையில் திருச்சி சாலையில் அது செய்த வேலையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். புதுக்கோட்டை தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது துளிகள் கண்ணாடியில் நிற்கவே இல்லை. பருந்தைக் கண்ட கோழிக்குஞ்சுகளைப்போல் மேலே ஓடி மறைந்தன. கீரனூர் வரை வைப்பரைத் தொடவில்லை.

சென்ற வாரம் அந்தப் பெருமை போய்விட்டது. விடியற்காலை 5 மணிக்குக் குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போனேன். மழை இல்லை, மார்கழிப் பனி மட்டும்தான். கண்ணாடி முழுக்கக் கடுகைச் சிந்தியதுபோல் பொடித் துளிகள். அவை ஓடவும் இல்லை, வழியவும் இல்லை. எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டதும் கண்ணாடி வெள்ளைத் திரையாகிவிட்டது. சாலையோரம் நடந்துபோன இரண்டு பேர் பத்தடி தூரத்தில்தான் தெரிந்தார்கள். கை நடுங்கிவிட்டது. வண்டியை ஓரங்கட்டித் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜனவரி முதல் வாரம் ஆத்தா, பிள்ளைகளோடு கொடைக்கானல் போய், அங்கிருந்து மன்னவனூரில் இரண்டு இரவு தங்குகிறோம். உறைபனி விழும் காலம். பூச்சை இன்னொரு முறை ஏற்றிக்கொண்டு போவதா, தேய்த்து எடுத்துவிட்டுப் போவதா? குளிர் நாட்டில் வண்டி ஓட்டும் நம் ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | டிசம்பர் 18, இரவு 9:58

வைப்பர் ரப்பர் மாற்றி எத்தனை மாதம் ஆகிறது தம்பி?

தேவகோட்டை வாட்டர்வாஷ் | டிசம்பர் 18, இரவு 10:15

பூச்சின் மீது குறை இருக்காது, பூசிய விதத்தில்தான் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் பூசியிருப்பீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் கண்ணாடி தோசைக்கல்லாகக் கிடக்கும். அதில் ஊற்றினால் மருந்து கண்ணாடியைப் பிடிப்பதற்குள் அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகித் திட்டுத் திட்டாக நின்றுவிடும். என் கடையில் காலை 8 மணிக்கு முன்னால், நிழலில்தான் பூசுவோம். அதற்கும் முன்னால் உப்புக் கறையை எடுக்க வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் வாய்த்தது. எங்களில் பலர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கழுவிக் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம். அதன் மேல் எதைப் பூசினாலும் பத்து நாளில் போய்விடும்.

இரண்டு கை பூசுங்கள். பனிக்கும் நிற்கும்.

பூங்குன்றத்தான் | டிசம்பர் 19, காலை 7:05

மகிபாலன்பட்டிக்காரன். இப்போது இருப்பது மினியாபொலிஸ். பதினோரு குளிர்காலம் பார்த்துவிட்டேன். இதை எழுதும்போது வெளியே மைனஸ் 17.

வாட்டர்வாஷ் அண்ணன் சொன்னதில் பாதி சரி. இங்கே எங்களுக்கு அதன் மறுபாதி: கண்ணாடி அதிகம் குளிர்ந்தாலும் பூச்சு பிடிக்காது. பெரும்பாலான பாட்டில்களில் 4, 5 டிகிரிக்குக் கீழே பூசாதே என்றே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே அக்டோபரிலேயே, வெயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் ஒரு சனிக்கிழமையில், பூசி முடித்துவிடுவேன். அதை விட்டால் சூடேற்றிய கேரேஜ் வைத்திருக்கும் நண்பனைத் தேடிப்போக வேண்டும்.

பலரும் பூச்சு இருந்தால் பனி படியாது என்று நினைக்கிறார்கள். படியும். காலையில் வந்து பார்த்தால் பூசிய வண்டியும் பூசாத வண்டியும் ஒரே வெள்ளையாகத்தான் நிற்கும். வேறுபாடு சுரண்டும்போதுதான் தெரியும். பூசாத கண்ணாடியில் பனிக்கட்டி அடிப்பிடித்த பால்சட்டிபோல் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். பூசிய கண்ணாடியில் பிளாஸ்டிக் சுரண்டியின் முனையை ஓர் ஓரத்தில் கொடுத்தால் பாளம் பாளமாகக் கழன்று வரும். மைனஸ் 20-ல் கையுறையோடு நின்று சுரண்டுகிறவனுக்கு அந்த நான்கைந்து நிமிட மிச்சம் பெரிய வரம். அதற்காகத்தான் நான் பூசுகிறேன், மழைக்காக அல்ல.

பொழியும் பனிக்கு வேறு கணக்கு. உலர்ந்த பனி, காற்றும் மைனஸ் 15, கண்ணாடியும் மைனஸ் 15 என்றால் அது மாவுபோல் வந்து மோதிப் பறந்துவிடும். அப்போது பூச்சு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. சூடான காற்றைக் கண்ணாடியில் அடிக்கத் தொடங்கினால்தான் வினை. பனி உருகி, வழிந்து, சூடு எட்டாத ஓரத்தில் மீண்டும் உறைந்து வைப்பரைக் கவ்விக்கொள்ளும். வைப்பர் ரப்பர் மேல் ஒரு விரல் பருமனுக்குப் பனிக்கட்டி ஏறிவிட்டால் அது கண்ணாடியைத் துடைக்காது, கோடு போடும்.

உறைமழைதான் எல்லாவற்றிலும் கொடியது. துளி நீராக விழுந்து கண்ணாடியில் பட்டதும் கட்டியாகிவிடும். நெடுஞ்சாலை வேகம் இருந்தால் பூசிய கண்ணாடியில் பாதித் துளிகள் உறைவதற்குள் பறந்துவிடும். சிக்னலில் நின்றால் அவ்வளவுதான்: முத்து முத்தாக உறைந்து கண்ணாடி பலாப்பழத் தோலாகிவிடும்.

பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்பீர்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பும் மணலும் சேற்றோடு தெறித்து, அதை வைப்பர் அரைத்து, காலையில் நானும் சுரண்டினால், ஓட்டுநர் பக்கம் ஒரு மாதத்தைத் தாண்டினால் அதிகம். பயணி பக்கம் பொங்கல் வரை நிற்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | டிசம்பர் 19, காலை 7:31

எல்லாம் சரி. ரப்பர் மாற்றியாயிற்றா என்று கேட்டேன்.

கோட்டையூர் வாத்தியார் | டிசம்பர் 19, மாலை 6:20

வேதியியல் கற்பித்த பழக்கம், எட்டிப் பார்த்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை.

சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீரைப் பிடிக்கும். அதன் மேற்பரப்பில் சிலிக்கானோடு ஒட்டி நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை இழுத்துப் பரப்பிவிடும். கடையில் கிடைக்கும் பூச்சுகள் பெரும்பாலும் சிலிக்கோன் வகை. அவை அந்த ஹைட்ராக்சில் இடங்களில் தாங்கள் போய் அமர்ந்துகொண்டு, நீர் வெறுக்கும் மெத்தில் முகத்தை வெளியே காட்டுகின்றன. ஃபுளோரின் சார்ந்தவை இன்னும் உறுதியாக நிற்கும். இரண்டிலும் துளியின் விளிம்பு கண்ணாடியோடு ஆக்கும் கோணம் சுமார் 100 முதல் 110 டிகிரி. கோணம் கூடக் கூடத் துளி உருண்டு நிற்கும். ஊருணித் தாமரை இலையில் அது 150-ஐத் தாண்டும். இலையில் மெழுகோடு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமும் இருக்கிறது. வழவழப்பான கண்ணாடியில் எந்த மருந்தைப் பூசினாலும் 120-க்கு மேல் எட்ட முடியாது. ஆகவே விளம்பரத்தில் தாமரை இலை படம் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

சரி, தாமரை இலைபோலவே மேடுபள்ளம் செய்து பூசினால் என்ன? உறைபனிக்கு அது எதிரியாகவும் முடியும். குளிர்ந்த பரப்பில் ஈரம் ஆவியாகவே வந்து அந்தப் பள்ளங்களுக்குள் படிந்து உறையும். பிறகு பனிக்கட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் வேர்விட்டு நிற்கும்; வழவழப்பான பரப்பைவிடக் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பயணியின் கடுகுத் துளிகள். மழைத்துளி பெரியது, காற்று அதைத் தள்ள இடம் இருக்கிறது. மூடுபனித் துளி பொடி. தன் விளிம்பைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. 60-ல் கிடைக்கும் தள்ளலில் கால் பங்குதான் 30-ல் கிடைக்கும். பனிமூட்டத்தில் யாரும் 60-ல் போவதில்லை, போகவும் கூடாது. பூசாத கண்ணாடியில் அதே ஈரம் மெல்லிய படலமாகப் பரவும், அதன் வழியே ஓரளவு பார்க்கலாம். பூசிய கண்ணாடியில் ஒவ்வொரு பொடித் துளியும் ஒரு குட்டி லென்ஸ். லாரி விளக்கை ஆயிரம் பக்கம் சிதறடிக்கும். உங்கள் பூச்சு சரியாகத்தான் வேலை செய்தது. செய்யக் கூடாத இடத்தில் செய்தது.

வாட்டர்வாஷ் தம்பி, இரண்டாவது கை பூசினால் இது கூடுமே தவிரக் குறையாது.

தேவகோட்டை வாட்டர்வாஷ் | டிசம்பர் 19, மாலை 6:44

சார், என்னிடம் பூசிக்கொண்டவர்கள் யாரும் இப்படிக் குறை சொன்னதில்லை.

கண்டனூர் ஆச்சி | டிசம்பர் 19, மாலை 7:10

விடியற்காலை 5 மணிக்கு அவர்களில் எத்தனை பேர் வண்டி எடுக்கிறார்கள்?

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். வெளியே இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கண்ணாடியின் உள்பக்கமும் பூசினேன். கார்த்திகையில் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போனேன். வெளியே தூறல், உள்ளே ஐந்து பேர் மூச்சு. உள்பக்கம் முழுக்க முத்துப் பந்தல். துடைத்தால் அடுத்த நிமிடமே மறுபடியும். இரண்டு நாள் வினிகரும் செய்தித்தாளும் வைத்துத் தேய்த்தேன். என் தோள்பட்டைதான் தேய்ந்தது, பூச்சு தேயவில்லை.

கோட்டையூர் வாத்தியார் | டிசம்பர் 19, மாலை 7:26

ஆச்சி, உள்பக்கத்துக்கு இதற்கு நேர்மாறான பூச்சு வேண்டும், அதாவது நீரைப் பரப்பிவிடும் வகை. பனிமூட்ட எதிர்ப்பு என்று விற்பது அதுதான். அதைவிட எளிது: ஏசியைப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். குளிர்காலத்திலும் ஏசி போடலாம், அது ஈரத்தை உறிஞ்சும். சூடு வேண்டுமென்றால் ஹீட்டரையும் சேர்த்து வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | டிசம்பர் 20, காலை 6:02

வாத்தியார் சொன்னதும் எனக்கு ஒன்று விளங்கியது. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினேன். மழையில் வைப்பர் நின்றுவிட்டால் புகையிலையைத் தண்ணீர் தொட்டுக் கசக்கிக் கண்ணாடியில் தேய்ப்போம். அது இல்லையென்றால் வெட்டிய உருளைக்கிழங்கு. டீக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தேய்த்த கண்ணாடியில் துளியே நிற்காது, தண்ணீர் படலமாக ஓடும். ராமேசுவரம் வரைக்கும் அப்படியே போயிருக்கிறேன். இவர்கள் துளியை விரட்டப் பூசுகிறார்கள், நாங்கள் துளியைத் தட்டையாக்கத் தேய்த்தோம். நோய் ஒன்றுதான், வைத்தியம் இரண்டு. பனிமூட்டத்துக்கு எங்கள் வைத்தியமே மேல் என்று வாத்தியார் வாயாலேயே வந்துவிட்டது.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். இரவில் விளக்கு பட்டால் கண்ணாடியில் வானவில் தெரியும், சாலை தெரியாது.

பூச்சு போட்ட கண்ணாடியில் பழைய ரப்பர் தடதடவென்று குதிக்கும். குதிக்கிற இடமெல்லாம் கோடு. ரப்பர் மாற்றினீர்களா?

ஆத்தங்குடி அச்சு | டிசம்பர் 20, காலை 8:15

நாங்கள் கண்ணாடியில்தான் பிழைக்கிறோம், அதனால் ஒரு வார்த்தை. ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு வரும் பளபளப்பு எந்த மெருகு எண்ணெயாலும் வந்தது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து அதில்தான் வண்ணச் சாந்தை ஊற்றுகிறோம்; கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு இறங்குகிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் கல் அங்கே பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது பூ உடையும். கீறல் விழுந்த தகட்டை எத்தனை துடைத்தாலும் பயன் இல்லை, தூக்கிப் போட்டுவிடுவோம்.

பனிக்கட்டியும் அப்படித்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் வண்டி எத்தனை வருடம் ஓடியது? மணல் லாரிகளுக்குப் பின்னால் ஓடிய கண்ணாடி என்றால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாகக் குத்துத் தெரியும். அதில் பூச்சு சீராக நிற்காது.

கேள்வி ஒன்று: கல் பதித்த தளத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம், தண்ணீர் ஊறாது. கண்ணாடிக்கும் அதையே துடைத்தால் என்ன?

கோட்டையூர் வாத்தியார் | டிசம்பர் 20, காலை 9:00

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். கொடைக்கானலில் பனி உறைவதற்கு முன்னால் அது உறைந்துவிடும். கீறல் பற்றிச் சொன்னீர்களே, அது அப்படியே சரி. என் மாணவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பள்ளத்தூர் பயணி | டிசம்பர் 20, இரவு 9:12

அனைவருக்கும் நன்றி. வண்டி ஆறு வருடம் ஓடியது, குத்துகள் இருக்கின்றன. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் ஒரு முடிவு செய்தேன்: என் பக்கம் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஆத்தா உட்காரும் பக்கம் புதிதாகப் பூசிக்கொண்டு போகிறேன். வந்து சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. கொடைக்கானலில் வெப்பம் 0-வரை இறங்காது, கண்ணாடியில் எப்படி உறையும் என்று என் மைத்துனர் கேட்கிறார்.

பூங்குன்றத்தான் | டிசம்பர் 21, காலை 6:48

தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் போதும். காற்று 3, 4 டிகிரி இருந்தாலும் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு வாரி இறைத்துவிட்டு 0-க்குக் கீழே போய்விடும். புல்வெளி வெளுப்பதும் அப்படித்தான். ஆகவே திறந்தவெளியில் நிறுத்தாமல் மரத்தடியிலோ கொட்டகையிலோ நிறுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் பழைய போர்வை ஒன்றைக் கண்ணாடி மேல் விரித்துக் கதவு இடுக்கில் செருகிவிடுங்கள். பூச்சு செய்யும் உபகாரத்தைவிட அந்தப் போர்வை செய்வது அதிகம், செலவும் இல்லை.

தங்குமிடத்தில் யாராவது வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற வருவார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். முகப்புக் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு அடுக்கு. குளிர்ந்த மேலடுக்கில் வெந்நீர் பட்டு அது மட்டும் சட்டென்று விரிந்தால், ஏற்கனவே கல் பட்ட குத்திலிருந்து விரிசல் கிளம்பி ஓடும். எனக்கு முதல் வருடமே நடந்தது. கண்ணாடி மாற்றிய செலவில் ஊருக்கு ஒரு வழி டிக்கெட் எடுத்திருக்கலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை இரண்டு பங்கும் தண்ணீரை ஒரு பங்குமாகக் கலந்து தெளிப்பான் பாட்டிலில் எடுத்துப்போங்கள். தெளித்து அரை நிமிடம் விட்டால் பனி தளர்ந்துவிடும். தீப்பிடிக்கும் பொருள், பீடி குடிக்கிறவரை எட்ட நிற்கச் சொல்லுங்கள். சுரண்டுவதற்கு இரும்பு எதையும் தொடாதீர்கள், காலாவதியான வங்கி அட்டை ஒன்று போதும்.

கண்டனூர் ஆச்சி | டிசம்பர் 21, காலை 10:30

தம்பி, தை பிறக்கும் காலம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடைப்பயணக்காரர்கள் போகிற அதே சாலையில்தான் நீங்களும் போகிறீர்கள். வெயிலுக்குப் பயந்து அவர்கள் இரவிலும் விடியலிலும்தான் நடப்பார்கள். என் தம்பி இருபது வருடமாகக் காவடி எடுத்து நடக்கிறான். அவன் முதுகில் ஒளிர்பட்டை ஒட்டி அனுப்புவதே எனக்கு ஆண்டுதோறும் ஒரு சண்டை. கொஞ்சம் வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள்.

பள்ளத்தூர் பயணி | ஜனவரி 8, இரவு 8:30

திரும்பி வந்துவிட்டோம். ஆச்சி சொன்னபடி 6:45-க்குத்தான் கிளம்பினோம். சிங்கம்புணரிக்கு முன்னால் ஒரு கூட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துபோனது. நல்ல வெளிச்சம் இருந்தது, தூரத்திலேயே தெரிந்தார்கள்.

மன்னவனூரில் முதல் இரவு போர்வை போர்த்தினேன். காலையில் போர்வை விறைத்து அப்பளமாக நின்றது, கண்ணாடி சுத்தம். இரண்டாம் இரவு சோதனைக்காக வேண்டுமென்றே திறந்து விட்டேன். விடியற்காலை 5:45-க்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை, பூங்குன்றத்தான் சொன்னதுபோலவே. அட்டையை எடுத்தேன். ஆத்தா பக்கம் நான்கு இழுப்பில் பாளமாக வந்துவிட்டது. என் பக்கம் பழைய வாணலியைச் சுரண்டியதுபோல் பொடிப்பொடியாக வந்தது, அதிலும் குத்துகள் இருந்த இடத்தில் அட்டையின் முனைதான் மடங்கியது. கடைசியில் ஆல்கஹால் தெளித்தேன், கழன்றது. விடுதிப் பையன் கெட்டிலோடு ஓடிவந்தான், தடுத்துவிட்டேன்.

இறங்கும்போது கதை திரும்பியது. மலைப்பாதையில் நல்ல மேகமூட்டம், 20-ஐத் தாண்ட முடியவில்லை. வைப்பர் ஓடிய பிறகு என் பக்கம் தெளிவாக இருந்தது. ஆத்தா பக்கம் வைப்பர் போன அடுத்த நொடியே பொடி பூத்தது. "உன் பக்கம் வழி தெரிகிறதா, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று வத்தலக்குண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஆகவே என் பக்கம் இனி மழைக்காலத்துக்கு மட்டும், ஐப்பசியில் பூசிக் கார்த்திகை முடிந்ததும் எடுத்துவிடுவேன். வாட்டர்வாஷ் அண்ணனிடமே வருகிறேன், உப்புக் கறையை எடுத்துக் கொடுங்கள்.

தேவகோட்டை வாட்டர்வாஷ் | ஜனவரி 8, இரவு 8:52

வாருங்கள். காலை 8 மணிக்கு முன்னால்.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | ஜனவரி 8, இரவு 9:03

இறங்கும்போது வைப்பர் சத்தம் போட்டதா?

பள்ளத்தூர் பயணி | ஜனவரி 8, இரவு 9:10

ஆத்தா பக்கம் தடதடவென்று குதித்தது அண்ணே. என் பக்கம் நடுவில் ஒரு கோடு விட்டுவிட்டுத் துடைத்தது.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங் | ஜனவரி 8, இரவு 9:11

மாற்றவில்லை.

பள்ளத்தூர் பயணி | ஜனவரி 8, இரவு 9:15

மாற்றவில்லை அண்ணே. வண்டியோடு வந்த ரப்பர்தான் இன்னும் ஓடுகிறது. நாளை காலை கடை திறந்ததும் போகிறேன்.